எடை போட்டு வாங்குகிறான், சத்துப் பார்த்து விற்கிறான்!

கூர்க்கன் சாகுபடியாளர்களுக்கு விவசாயிகள் சங்கத்தின் வேண்டுகோள்

மருந்துக்கூர்க்கன் சாகுபடி செய்யும் சிறு, குறு விவசாயிகளே!

ஆனி, ஆடியில் குச்சி நட்டோம். களை எடுத்தோம், மண் அணைத்தோம், வேரழுகலுக்கும் நூற்புழுவுக்கும் பயந்து பயந்து தண்ணீர் விட்டோம். ஆறு மாசம் கழித்துப் பிடுங்கி, மண் போக அலசி, வெட்டி, களத்தில் காயவைத்து, மூட்டை கட்டி, வண்டி வாடகை கொடுத்து கலெக்ஷன் சென்டருக்குக் கொண்டுபோகிறோம். அங்கே தராசில் ஏற்றுகிறார்கள். சாக்கு எடை கழிவு, மண் கழிவு, ஈரக் கழிவு. மிச்சத்துக்குக் கிலோ இவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டு. அத்தோடு நம் கதை முடிந்தது.

கம்பெனியின் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்த வேரை அவன் எடைக்காக வாங்கவில்லை. அடுப்பெரிக்கவும் வாங்கவில்லை. அதற்குள் இருக்கும் போர்ஸ்கோலின் என்ற ஒரே ஒரு பொருளுக்காக வாங்குகிறான். நூறு கிலோ காய்ந்த வேரில் அது அரைக் கிலோ இருந்தாலே நல்ல சரக்கு. மீதி தொண்ணூற்று ஒன்பதரைக் கிலோ அவனுக்குச் சக்கை. அந்த அரைக் கிலோவை மில்லிகிராம் சுத்தமாக அளந்து பார்க்கும் மிஷின் அவனிடம் இருக்கிறது. அளந்துதான் விற்கிறான். நம்மிடம் வாங்கும்போது மட்டும் பழைய இரும்புக்கடைக்காரன் மாதிரி தராசை நீட்டுகிறான். இது என்னங்க நியாயம்?

சேலம் மாவட்டம் ஆத்தூர், தலைவாசல் பக்கமும், கள்ளக்குறிச்சி, பெரம்பலூர், திருவண்ணாமலைப் பக்கமும் இந்தப் பயிர் வைக்கிற எல்லோரையும் இது பாதிக்கிறது. ஆகவே சத்து என்றால் என்ன, அதை எப்படி எடுக்கிறான், நமக்கு ஏன் காட்ட மாட்டேன் என்கிறான் என்பதை இந்த வெளியீட்டில் விளக்கமாகச் சொல்கிறோம். "அதெல்லாம் பெரிய டெக்னாலஜிங்க, உங்களுக்குப் புரியாது" என்று பீல்டு ஆபீசர் தம்பி சொன்னால் இனி நாம் சும்மா கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

வேருக்குள் இருப்பது என்ன?

கூர்க்கன் நமக்கு அந்நியமான செடி இல்லை. புதினா, துளசி, தும்பை, கற்பூரவல்லி எல்லாம் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் இதுவும். கார்த்திகை மார்கழியில் சந்தைக்கு வரும் சிறுகிழங்கு இதற்கு நேர்ப் பங்காளி. புதினாவின் வாசனை இலையில் இருக்கிறது. நம் கூர்க்கனின் சரக்கு வேரில் இருக்கிறது. குஜராத்தில் இதே வேரை ஊறுகாய் போட்டுச் சாப்பிடுகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

இந்த வேரிலிருந்து போர்ஸ்கோலினைப் பிரித்துக் காட்டியது வெள்ளைக்கார நாட்டில் அல்ல, நம் நாட்டில்தான். 1970-களில் பம்பாயிலிருந்த ஹெக்ஸ்ட் ஆராய்ச்சி மையமும், லக்னோவில் அரசாங்கப் பணத்தில் நடக்கும் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையமும் இந்த வேரைத் தனித்தனியாக ஆராய்ந்தன. லக்னோக்காரர்கள் வைத்த பெயர் கோலியோனால். பம்பாய்க்காரர்கள் வைத்த போர்ஸ்கோலின் என்ற பெயரே உலகத்தில் நின்றது. 1763-ல் ஏமன் நாட்டில் இறந்துபோன போர்ஸ்கால் என்ற தாவர ஆராய்ச்சியாளரின் பெயர் அது. செடிக்கும் அவர் பெயர், மருந்துக்கும் அவர் பெயர். குச்சி நட்டவன் பெயர் துண்டுச் சீட்டில்கூடத் தப்பாக எழுதியிருக்கிறது, அது வேறு விஷயம்.

இது உடம்பில் என்ன செய்கிறது? நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் வேலை ஏவுகிற ஒரு சின்ன ரசாயனம் உண்டு. அதைச் சுரக்கச் செய்யும் நொதியைப் போர்ஸ்கோலின் நேரடியாகத் தட்டி எழுப்புகிறது. அதனால் இரத்தக் குழாய் விரிகிறது, மூச்சுக் குழாய் தளர்கிறது, கண்ணுக்குள் அழுத்தம் குறைகிறது. ஜப்பானில் இதைத் தண்ணீரில் கரையும்படி மாற்றிச் செய்த ஊசி மருந்து இதயச் செயலிழப்புக்காக 1999-ல் ஒப்புதல் பெற்றது. உலகம் முழுக்க ஆராய்ச்சிக்கூடங்களில் சுத்தமான போர்ஸ்கோலினை 10 மில்லிகிராம், 50 மில்லிகிராம் என்று சின்னச் சின்னக் குப்பிகளில் வாங்குகிறார்கள். நாம் மூட்டை மூட்டையாகக் கொட்டுவதை அங்கே கடுகளவு கடுகளவாக விற்கிறார்கள்.

ஆனால் பெரிய வியாபாரம் உடம்பு இளைக்கிற மாத்திரையில்தான். அதற்காக இந்தச் சாற்றைப் பயன்படுத்தும் முறைக்கு 1998-லேயே அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். 2005-ல் வெளியான ஒரு சோதனையில் 30 ஆண்களை வைத்து 12 வாரம் பார்த்தார்கள். கொழுப்பு கொஞ்சம் குறைந்தது, எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. 2014-ல் அமெரிக்க டி.வி.யில் ஒரு டாக்டர் இதை அதிசய மருந்து போலப் பேச, மாத்திரை பிய்த்துக்கொண்டு போனது. இளைப்பார்களா மாட்டார்களா என்பது வாங்குகிறவர் பாடு. நாம் கேட்பது, நம் வேரில் வந்த காசு நம் களத்துக்கு ஏன் வரவில்லை என்பதுதான்.

கம்பெனிக்குள் என்ன நடக்கிறது?

வேரைக் கொதிக்கவைத்துக் கஷாயம் போட்டால் போர்ஸ்கோலின் இறங்காது. அது எண்ணெய் மாதிரி, தண்ணீரில் லேசில் கரையாது. டென்மார்க் விஞ்ஞானிகள் 2014-ல் நுணுக்கமாகப் பார்த்துச் சொன்னார்கள்: வேரின் மேல்பட்டையில் இருக்கிற கார்க் செல்களுக்குள்தான் இந்தச் சரக்கு உருவாகி, எண்ணெய்த் துளிகளில் தேங்கி நிற்கிறது. (இதை ஒவ்வொரு விவசாயியும் ஞாபகத்தில் வையுங்கள். மண் போகட்டும் என்று வேரைப் போட்டுத் தேய்த்துத் தோலை உரிப்பது சரக்கைச் சாக்கடையில் விடுகிற மாதிரி. கலெக்ஷன் சென்டரில் எவனும் இதை நமக்குச் சொல்லித் தரவில்லை.)

ஆகவே கரைப்பான் போட்டுத்தான் இறக்க வேண்டும். வேரை மாவு போல அரைத்துப் பெரிய தொட்டியில் கொட்டி, மெத்தனால், எத்தில் அசிடேட், டொலுவின் போன்ற ஏதாவது ஒன்றை ஊற்றிச் சூடுபண்ணி ஊறவைப்பார்கள். சரக்கு அதில் இறங்கிவிடும். அப்புறம் வடிகட்டிக் கரைப்பானை ஆவியாக்கி, குளிரவைத்துத் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் ஊறல் போட்டுக் காய்ச்சினவர்களைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுசாக ஒன்றும் இல்லை. அடியில் நிற்பது வெல்லப்பாகு போல ஒரு கறுப்புப் பசை. அதிலுள்ள கொழுப்பையும் மெழுகையும் கழுவி எடுத்து, காயவைத்துத் தூளாக்கினால் மாத்திரைக்கான சாறு தயார். 10 சதவீதம், 20 சதவீதம் என்று சத்தின் அளவை எழுதித்தான் டப்பாவை அடைப்பார்கள். எழுதாமல் அனுப்பினால் வெளிநாட்டில் ஒருத்தன் தொடமாட்டான். இன்னும் சுத்தம் பண்ணிப் படிகமாக்கினால் ஆராய்ச்சிக்கூடத்துக் குப்பி.

இது பழைய முறை. இப்போது வந்திருக்கிற முறைகளைப் பற்றித்தான் மீட்டிங் போட்டுப் பெருமை பேசுகிறார்கள். அதில் முதலாவது, கார்பன் டை ஆக்சைடு முறை. சோடாவில் பொங்குகிறதே, அதே கேஸ். அதை 31 டிகிரி சூட்டுக்கு மேல், சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 73 மடங்குக்கு மேல் அழுத்தினால், அது கேஸாகவும் இருக்காது, திரவமாகவும் இருக்காது. இரண்டும்கெட்டான் நிலை. (லாரி டயரில் நாம் அடைப்பது ஏழு, எட்டு மடங்குதான், யோசித்துக்கொள்ளுங்கள்.) கேஸ் மாதிரி வேரின் சந்துபொந்தெல்லாம் நுழையும், திரவம் மாதிரி சரக்கைக் கரைக்கும். அழுத்தத்தைத் திறந்துவிட்டால் கேஸ் பறந்துபோய்ச் சாறு மட்டும் நிற்கும். ரசாயன வாடை மிச்சம் இருக்காது. காபிக் கொட்டையிலிருந்து கபீனை எடுப்பதற்கும் இந்த முறை உண்டு. மிஷின் கோடிக்கணக்கில் ஆகும் என்பது உண்மை, மறைக்கவில்லை.

இரண்டாவது, அல்ட்ராசவுண்ட். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஸ்கேன் எடுக்கிறார்களே, அந்த ஜாதி ஒலி அலைதான், சக்தி அதிகம். கரைப்பானில் நுண்ணிய குமிழிகள் கிளம்பி வெடித்து வேரின் செல்லை உடைக்கும், சரக்குச் சீக்கிரம் வெளியே வரும். மூன்றாவது, மைக்ரோவேவ். செல்லுக்குள் இருக்கிற ஈரத்தையே சூடாக்கி உள்ளிருந்து வெடிக்க வைக்கும் வேலை. ஒரு நாள் ஊறவேண்டியது நிமிஷக் கணக்கில் முடியும், கரைப்பானும் மிச்சம்.

நல்ல விஷயம்தான். டெக்னாலஜிக்கு நாம் எதிரி இல்லை. டிராக்டரை எதிர்த்தோமா, சொட்டுநீரை எதிர்த்தோமா? ஆனால் ஒரு கேள்வி. பழைய முறையில் நூற்றுக்கு எண்பது பங்கு சத்து கைக்கு வந்தது, புது முறையில் தொண்ணூறு வருகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தக் கூடுதல் பத்துப் பங்கும் நம் வேரிலிருந்துதானே வருகிறது? அந்தப் பத்தில் நமக்கு ஒரு காசாவது கூட்டிக் கொடுத்தார்களா?

கணக்குப் போட்டுப் பாருங்கள்

இனி ஒவ்வொருவரும் கையில் பென்சில் எடுங்கள். படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

நூறு கிலோ காய்ந்த வேர். சத்து அரை சதவீதம். ஆக உள்ளே இருப்பது 500 கிராம். எண்பது பங்கு வெளியே வந்தால் 400 கிராம். இதை 10 சதவீதச் சாறாக ஆக்கினால் 4 கிலோ தூள். மேலே சொன்ன 2005 சோதனையில் ஒரு வேளைக்குக் கொடுத்தது 250 மில்லிகிராம் தூள். அதே அளவு போட்டால் 4 கிலோவில் 16,000 மாத்திரை. டப்பாவுக்கு 60 மாத்திரை என்றால் 266 டப்பா. ஏக்கருக்கு 800 கிலோ காய்ந்த வேர் எடுக்கிற விவசாயியின் கொல்லையிலிருந்து 2,100 டப்பாவுக்கு மேல் போகிறது! ஒரு டப்பா என்ன விலை விற்கிறது என்று டவுனில் வேலை பார்க்கிற பிள்ளைகளை செல்போனில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அதை இங்கே எழுதுங்கள்: ரூ. ............ நம் வேருக்குக் கிலோவுக்குக் கொடுத்த விலையை இங்கே எழுதுங்கள்: ரூ. ............ இரண்டையும் பெருக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

கம்பெனிக்குச் செலவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. கரைப்பான் உண்டு, கரண்ட் உண்டு, ஆள் சம்பளம், மாத்திரை அடைப்பு, டப்பா, விளம்பரம், கப்பல் கூலி, கடைக்காரன் கமிஷன் எல்லாம் உண்டு. எல்லாவற்றையும் தாராளமாகக் கழித்துக்கொள்ளட்டும். கழித்த பிறகு நிற்பது எவ்வளவு என்று ஒரு காகிதத்தில் காட்டட்டும் என்கிறோம். இதுவரை ஒருத்தரும் காட்டவில்லை.

ஈரக் கழிவுக்கு வருவோம். 12 சதவீத ஈரம் வரை எடுப்போம் என்கிறார்கள். அதற்கு மேல் இருந்தால் கழிக்கிறார்கள், சரி. நாம் பயந்துபோய் இன்னும் இரண்டு நாள் வெயிலில் போட்டு 8 சதவீதத்துக்குக் காயவைத்துக் கொண்டுபோனால்? அந்த நூறு கிலோ, 12 சதவீதக் கணக்கில் 104 கிலோ 500 கிராமுக்குச் சமம். நாலரைக் கிலோ இனாம்! கூட இருந்தால் பிடித்துக்கொள்கிற கை, குறைய இருந்தால் சட்டைப்பைக்குள் போய்விடுகிறது. நூறு மூட்டைக்கு என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கு. ஒருத்தர் கொல்லை வேரில் சத்து 0.6 சதவீதம், பக்கத்துக் கொல்லையில் 0.3 சதவீதம். மண், ரகம், அறுவடைக் காலம், காயவைத்த பக்குவம் இவற்றைப் பொறுத்து இப்படி மாறும். முதல் ஆளின் நூறு கிலோவில் 600 கிராம், இரண்டாவது ஆளிடம் 300 கிராம். இரண்டு பேருக்கும் ஒரே விலை! நல்ல சரக்கு விளைவித்தவனுக்கு என்ன லாபம்? ஆனால் சத்துக் குறைந்துவிட்டது என்று காரணம் சொல்லி விலையைக் குறைக்க மட்டும் தயங்குவதில்லை.

"லேப்ல அப்படித்தாங்க வந்திருக்கு"

போன பருவத்தில் நம் வட்டாரத்தில் நடந்ததைச் சொல்கிறோம். சங்கத்து உறுப்பினர்கள் சிலர் ஒரே நாளில் சரக்குக் கொண்டுபோனார்கள். மூட்டையை இறக்கிக்கொண்டார்கள். பத்து நாள் கழித்துப் பணம் வந்தபோது கிலோவுக்குப் பேசின விலையில் கணிசமாகக் குறைத்திருந்தார்கள். சங்கத்திலிருந்து நான்கு பேர் போய்க் கேட்டோம்.

"ஏந்தம்பி, என்ன காரணத்துக்குக் குறைச்சீங்க?"

"கன்டென்ட் கம்மிங்கய்யா. லேப்ல அப்படித்தாங்க வந்திருக்கு."

"எவ்வளவு வந்திருக்கு? ரிசல்ட்டக் காட்டுங்க."

"அது கம்பெனி ரகசியங்கய்யா, குடுக்கக் கூடாது."

"சரி, யார் மூட்டையில சாம்பிள் எடுத்தீங்க?"

தம்பி தலையைச் சொறிந்தார். எல்லார் மூட்டையையும் ஒன்றாகக் கொட்டின பிறகு எடுத்த சாம்பிள் அது. அப்புறம் யார் சரக்கில் குறைவு, யார் சரக்கில் நிறைவு என்று கடவுளுக்குத்தான் தெரியும். அந்தத் தம்பியும் பாவம், சம்பளத்துக்கு நிற்கிறவர், அவர்மேல் நமக்குக் கோபம் இல்லை.

ரகசியம் என்கிறார்களே, அந்தச் சோதனையில் ரகசியம் ஒன்றும் கிடையாது. எச்.பி.எல்.சி. என்று ஒரு கருவி. ஒரு சிட்டிகை வேர்த்தூளைக் கரைத்து, வடிகட்டி, ஊசியால் அதற்குள் ஏற்றினால், நெருக்கமாகத் தூள் அடைத்த ஒரு குழாய்க்குள் அழுத்தித் தள்ளும். வேரிலுள்ள பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும்போது கம்ப்யூட்டரில் மலை மலையாகக் கோடு போடும். போர்ஸ்கோலின் மலை எவ்வளவு பெரிது என்று சுத்தமான போர்ஸ்கோலினோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சதவீதம் சொல்லிவிடலாம். பெரிய மருந்துக் கம்பெனி எதிலும் இந்தக் கருவி உண்டு. கோவையில் நம் வேளாண் பல்கலைக்கழகத்தில் மருந்து மற்றும் மணமூட்டும் பயிர்களுக்கென்றே ஒரு துறை நடக்கிறது. அங்கே படித்த பிள்ளைகள்தான் கம்பெனி லேபிலும் வேலை பார்க்கிறார்கள்.

பால் சொசைட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு எவ்வளவு, எஸ்.என்.எப். எவ்வளவு என்று பார்த்துத்தான் காசு. அங்கேயும் நமக்குக் குறை உண்டு, அதற்கும் போராடிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனாலும் சத்துக்குத்தான் விலை என்ற நியாயத்தை அங்கே யாரும் மறுப்பதில்லை. கரும்புக்கு 10.25 சதவீதப் பிழிதிறனை அடிப்படையாக வைத்து மத்திய அரசு விலை சொல்கிறது, அதற்கு மேல் போனால் விலை கூடவேண்டும் என்று விதி இருக்கிறது. மாட்டுப் பாலுக்கும் கரும்புக்கும் இருக்கிற நியாயம் கூர்க்கனுக்கு ஏன் இல்லை? மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை சொல்கிற 22 பயிரில் இது கிடையாது. கேட்க ஆளில்லாத பயிர் என்று நினைத்துவிட்டார்கள்.

1966-ஆம் வருஷ விதைச் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. இன்ஸ்பெக்டர் கடையில் விதை மாதிரி எடுத்தால் மூன்று பங்காக எடுத்து சீல் வைக்கவேண்டும். ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று சோதனைக்கு, ஒன்று தகராறு வந்தால் பார்ப்பதற்கு. கடைக்காரருக்குக் கிடைக்கிற அந்த ஒரு பொட்டலம்கூட மூட்டைக்குச் சொந்தக்காரனான விவசாயிக்குக் கிடைக்கவில்லை.

புதினாக்காரர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்?

இதே குடும்பத்துப் பயிர் புதினாவைப் பாருங்கள். நம் பிரியாணிப் புதினா அல்ல, மென்தால் புதினா. உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி பக்கம் லட்சக்கணக்கான ஏக்கரில் வைக்கிறார்கள். தலைவலித் தைலத்தில், பற்பசையில், இருமல் மிட்டாயில் குளுகுளு என்று இருக்கிறதே, அந்த மென்தால் வருவது இதிலிருந்துதான். லக்னோவிலுள்ள சீமேப் என்ற அரசாங்க ஆராய்ச்சி நிலையம் நல்ல நல்ல ரகங்களைக் கண்டுபிடித்துக் கொடுத்து, காய்ச்சும் முறையையும் கிராமத்துக்குக் கொண்டுபோனது. இதைக் கவனியுங்கள்: அந்த விவசாயி தழையைக் கம்பெனிக்கு ஏற்றிவிடுவதில்லை. ஊரிலேயே இரும்புப் பாத்திரம் கட்டி வைத்திருக்கிறார்கள். தழையை அடைத்து, கீழே தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஆவியைக் குளிரவைத்து, மேலே மிதக்கிற எண்ணெயை வடித்துக்கொள்கிறார்கள். காய்ந்த சக்கையே அடுத்த அடுப்புக்கு விறகு. விற்பது எண்ணெய். விலை சரியில்லையா, டின்னை மூடி வீட்டில் வைத்துவிட்டுக் காத்திருக்கலாம்.

அவர்களுக்குக் கஷ்டமே இல்லை என்று சொல்லமாட்டோம். ஆலையில் செய்கிற செயற்கை மென்தாலோடு போட்டி, சூதாட்ட வியாபாரத்தில் விலை ஏறி இறங்குவது எல்லாம் அங்கேயும் உண்டு. ஆனால் சத்து அவர்கள் கையில் இருக்கிறது. நம்மிடம் இருப்பது சாக்கு.

நாமும் ஊரில் பாத்திரம் கட்டிக் காய்ச்சிவிடலாமா என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். முடியாது, செய்யவும் கூடாது. கூர்க்கன் ஆவிக்கு வராது. டொலுவினும் மெத்தனாலும் பற்றிக்கொண்டால் கூரை மட்டுமல்ல, ஊரே போகும். அது லைசென்ஸோடு, பாதுகாப்போடு செய்கிற வேலை. நம்மால் இப்போதே முடிவது, பக்குவமாகக் காயவைப்பதும், சத்துத் தெரிந்துகொண்டு பத்துக் கிராமத்துச் சரக்கை ஒன்றுசேர்த்துப் பேரம் பேசுவதும். கூட்டுறவில் ஒரு சாறு எடுக்கும் ஆலை வேண்டும் என்பது அடுத்த கட்டம். கரும்புக்கு அரசு கூட்டுறவு ஆலை வைக்கவில்லையா?

அவர்கள் என்ன பதில் சொல்வார்கள்?

"ரொம்பப் பேசினால் வேர் வாங்குவதையே நிறுத்திவிடுவோம், ஈஸ்ட்டில் செய்துகொள்வோம்" என்று மிரட்டுவார்கள். ஈஸ்ட்டுக்குள் இந்தச் செடியின் மரபணுக்களை வைத்துப் போர்ஸ்கோலினைச் செய்யலாம் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தார் 2017-ல் காட்டியது உண்மைதான். ஆனால் மலேரியா மருந்தான ஆர்டிமிசினினுக்கும் இதையே சொன்னார்கள். ஒரு பெரிய பிரெஞ்சுக் கம்பெனி ஈஸ்ட் வழியில் ஆலையே தொடங்கியது. செடியில் விளைந்தது அதைவிட மலிவாக இருந்ததால், 2016-ல் அந்த ஆலையை விற்றுவிட்டுப் போனது. சரி, ஒரு நாள் ஈஸ்ட் வந்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். அதுவரை நமக்கு வரவேண்டியதை இப்போதே கேட்காமல் எப்போது கேட்பது?

"ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்பார்கள். ஒப்பந்தமா அது? இங்கிலீஷில் அச்சடித்த தாள், நகல் நமக்கு இல்லை. 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஒப்பந்த விவசாயச் சட்டத்தை டில்லி எல்லையில் ஒரு வருஷம் உட்கார்ந்த விவசாயிகள் 2021 நவம்பரில் திரும்பப் பெற வைத்தார்கள். ஆனால் தமிழ்நாட்டில் 2019-லேயே ஒப்பந்தப் பண்ணையத்துக்குத் தனிச் சட்டம் போட்டார்கள், நாட்டிலேயே முதல் சட்டம் என்று சொல்லிக்கொண்டார்கள். பயிர் வைக்கும்போது பேசின விலையைக் கொடுக்கவேண்டும், ஒப்பந்தத்தை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும் என்றுதான் அதிலும் இருக்கிறது. நம் வட்டாரத்தில் சங்கம் விசாரித்த அளவில், பதிவு செய்த கூர்க்கன் ஒப்பந்தம் ஒன்றைக்கூட யாரும் நம் கண்ணில் காட்டவில்லை. சட்டம் விவசாயிக்காக என்றால் அமல்படுத்திக் காட்டட்டும்.

பல்லுயிர்ச் சட்டம் 2002-ல் வந்தபோது, செடியை வைத்துச் சம்பாதிக்கிறவன் அதைக் காத்தவனுக்கும் வளர்த்தவனுக்கும் ஒரு பங்கு தரவேண்டும் என்றார்கள். அதற்கான தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. 2023-ல் திருத்தம் போட்டு, சாகுபடி செய்த மூலிகைக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். காட்டில் பிடுங்கினால் பங்கு, கொல்லையில் விளைவித்தால் பங்கு இல்லை! விளைவித்தவனுக்கு விலையிலேயே கிடைத்துவிடும் என்பது அவர்கள் எண்ணம் போலிருக்கிறது. அந்த விலையின் லட்சணத்தைத்தான் மேலே பார்த்தோம்.

நம் கோரிக்கைகள்

கூர்க்கன் வேருக்கு எடையோடு சத்தையும் பார்த்து விலை வை. அரை சதவீதத்துக்கு ஒரு அடிப்படை விலை, அதற்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் கூடுதல் என்று நடவுக்கு முன்னாலேயே எழுதிக் கொடு. ஈரத்துக்குக் கழித்தால், காய்ச்சலுக்குக் கூட்டு.

மாதிரியை ஒவ்வொரு விவசாயியின் மூட்டையிலும் மேலே, நடுவே, அடியே என்று அவர் கண் முன்னால் எடு. மூன்று பங்காக்கி சீல் வைத்து ஒன்றை அவர் கையில் கொடு. ரிசல்ட்டை நம்பரோடு, தேதியோடு, தமிழில் எழுதிக் கொடு.

தமிழ்நாடு அரசே! ஆத்தூர் வட்டாரத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் ஒன்றில் மூலிகைச் சத்துப் பரிசோதனைக் கூடம் அமைத்திடு. வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் அது நடக்கட்டும். கட்டணம் ஒரு மூட்டை விற்றுக் கட்டுகிற அளவில் இருக்கட்டும். 2019 சட்டப்படி ஒப்பந்தங்களைப் பதிவு செய்யாத கம்பெனியை வட்டாரத்துக்குள் கொள்முதல் செய்ய விடாதே. வேரழுகல் வந்து செத்த கொல்லைக்கும் குச்சிக்காசைப் பிடித்துக்கொள்கிற அநியாயத்தை நிறுத்து.

தோழர்களே, இந்தப் பருவத்தில் நாம் செய்யவேண்டியது இதுதான். ரிசல்ட் சீட்டுத் தராத சென்டரில் மூட்டையை இறக்காதீர்கள். தனியாகப் போகாதீர்கள், ஊருக்கு ஐந்து பேராகச் சேர்ந்து போங்கள். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு கைப்பிடி வேரை எடுத்து, பேரும் தேதியும் எழுதி, ஈரம் படாமல் கட்டி வீட்டில் வையுங்கள். அவசரத்துக்கு முன்பணம் வாங்கிவிட்டவர்கள் பயப்படவேண்டாம், சங்கத்தில் சொல்லுங்கள், கூட வருகிறோம்.

இம்மாத விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மொத்தமாக மனுக் கொடுக்கிறோம். அதற்கு முன் காலையில் அலுவலக வாசலில் கூர்க்கன் வேரைக் கொட்டி ஆர்ப்பாட்டம். பெண்களும் வரவேண்டும், களத்தில் காயவைத்ததில் பாதிக்கு மேல் அவர்கள் கைதான். வரும்போது போன பருவத்துத் துண்டுச் சீட்டையும், ஒப்பந்தத் தாள் யாரிடமாவது இருந்தால் அதையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். ஜெராக்ஸ் செலவைச் சங்கம் பார்த்துக்கொள்ளும்.

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்